கள்ளத்தராசு வேண்டாம்: சபையின் உடல்நல மேசைக்கு எந்த பி.பி. மெஷின்?

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் இடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசைமேல் ஒரு பி.பி. மெஷின். உடல்நல ஊழியம் ஆரம்பிக்கும் சபைகள் அனேகமாக இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. நல்ல ஆரம்பம். உயர் ரத்த அழுத்தம் வலி கொடுக்காது, காய்ச்சல் காட்டாது. சத்தமில்லாமல் இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டிருக்கும். 30 முதல் 79 வயதுக்குள் உலகம் முழுக்க 128 கோடிப் பேருக்கு அது இருக்கிறது என்றும், அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்குச் சொன்னது. ஏறக்குறைய பாதிப் பேர் அறியாமலே சுமக்கிற ஒன்றைச் சில நிமிடத்தில் வெளியே கொண்டுவரும் கருவி சபையின் கையில் இருப்பது பெரிய காரியம்.

ஆனால் கருவி உண்மையைச் சொல்ல வேண்டும். பொருந்தாத கஃப் (கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை), தொங்கும் கை, பேசிக்கொண்டே எடுத்த அளவு என்று ஏதாவது ஒன்று போதும்: நன்றாக இருப்பவர் பயந்துபோய் வீட்டுக்குப் போவார், சிகிச்சை தேவைப்படுகிறவர் நிம்மதியாகப் போய்விடுவார். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்ற நீதிமொழிகள் 11:1 கடை வியாபாரிக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இந்த மேசைக்கும் பொருந்தும். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று உள்ளே பிரசங்கித்துவிட்டு, வெளியே அந்த ஆலயத்தைக் கோணல் கோலால் அளக்கக் கூடாது. இந்த மதிப்புரை அந்தக் கோலைப் பற்றியது.

ஒரு சிறு செய்தி. ரத்த அழுத்தத்தை முதன்முதலாக அளந்து எழுதிவைத்தவரே ஒரு சபைக் குருவானவர்தான். இங்கிலாந்தில் டெடிங்டன் ஆலயத்தைக் கவனித்துவந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் தொடை ரத்தக்குழாயில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு 9 அடிக் கண்ணாடிக் குழாயை இணைத்து நிமிர்த்தி, ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றதைக் குறித்தார். 1733-இல் அது அச்சாகி வந்தது. தேவன் படைத்த சரீரத்தை அளவுகோலோடு அணுகுவது விசுவாசத்துக்கு அந்நியமான வேலை அல்ல என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

இங்கே மதிப்பிடுவது மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷினை. மணிக்கட்டில் கட்டும் வகையை உடல்நல மேசைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். மணிக்கட்டை இருதய மட்டத்தில் அசையாமல் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது சரியாகச் சொல்லும். வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் அப்படிப் பிடிக்கவைப்பது நடக்காத காரியம். மேல்கையில் எந்தக் கஃபும் பொருந்தாத அளவுக்குக் கை பருமனானவர்களுக்கு மட்டும் அது ஒரு மாற்று வழி. விரலில் மாட்டும் வகை வேண்டவே வேண்டாம். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும் முள் மெஷின், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒவ்வொரு வாரமும் வந்து உட்காருகிற சபைக்கு நல்லது. முள் கீழே விழுந்தாலோ அடிபட்டாலோ சத்தமில்லாமல் தப்பு காட்ட ஆரம்பிக்கும் என்பதால் அதை அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும். தன்னார்வலர்கள் மாறி மாறி உட்காரும் மேசைக்குத் தானியங்கிதான்.

டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது

தானியங்கி மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. கஃபில் காற்றை ஏற்றி இறக்கும்போது ரத்தக்குழாயின் துடிப்பு கஃபுக்குள் சின்னச் சின்ன அதிர்வாக வரும். அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும்; மேல் அளவையும் கீழ் அளவையும் (140/90 என்றால் 140 மேல், 90 கீழ்) அதிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணக்குப்போட்டுச் சொல்கிறது. அந்தச் சூத்திரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆகவே ஒரு மாடலை நம்ப ஒரே வழி, அது மனிதர்கள்மேல் சோதிக்கப்பட்டதா என்று பார்ப்பதுதான்.

அதற்கான தரம் ஐஎஸ்ஓ 81060-2. பொதுவான சோதனையில் குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதஸ்கோப்பால் எடுக்கும் அளவோடு மெஷினை ஒப்பிடுவார்கள். சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்கு (ரத்த அழுத்தத்தை அளக்கும் பாதரச மில்லிமீட்டர்) மேல் போகக் கூடாது, சிதறல், அதாவது வித்தியாசங்கள் அந்தச் சராசரியிலிருந்து விலகும் அளவு, 8-ஐத் தாண்டக் கூடாது. தேர்ச்சி பெற்ற மாடல்களின் பட்டியல் ‘ஸ்ட்ரைட் பிபி’ என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே கம்பெனியின் ஒரு மாடல் பட்டியலில் இருக்கும், பெட்டி பார்க்க அதேபோல இருக்கும் இன்னொன்று இருக்காது. ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பது சோதனைக்கு ஈடாகாது.

கர்ப்பிணிகளுக்குத் தனிச் சோதனை தேவை. கர்ப்பகாலத்துக்கென்று சோதிக்கப்பட்ட மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏனென்றால் சபையில் கர்ப்பிணிகள் இருப்பார்கள், அவர்களுடைய அளவில் ஏற்படும் தப்பு இரண்டு உயிரைத் தொடும். குழந்தைகளுக்கு இந்த மேசையில் பார்க்க வேண்டாம். அவர்களுடைய கஃபும் வேறு, அளவு அட்டவணையும் வேறு.

மற்ற வசதிகளில் உண்மையாகவே பயன்படுவது இரண்டு. ஒரே பட்டனை அழுத்தினால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி சொல்லும் வசதி ஒன்று. தன்னார்வலர் அவசரப்பட்டு ஒரே அளவோடு நிறுத்திவிடுவதை அது தடுக்கும். கரண்டில் ஓடும் அடாப்டர் மற்றொன்று. ப்ளூடூத், செயலி, கலர்க் கோடு எல்லாம் இந்த மேசைக்கு வேண்டாதவை. கலர்க் கோடு தொந்தரவுகூட: சிவப்பைப் பார்த்தவுடன் ஆள் பதறிவிடுவார், அடுத்த அளவு இன்னும் ஏறும்.

கஃப்தான் மெஷின்

காசை மெஷினில் போட்டுவிட்டு, உடன் வந்த ஒரே கஃபை எல்லோருக்கும் கட்டுவதுதான் உடல்நல மேசைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. எவ்வளவு பெரியது என்று 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எண்ணாகவே காட்டிவிட்டது. மிகப் பெரிய கஃப் தேவைப்படுகிறவருக்குச் சாதாரண கஃபைக் கட்டினால் மேல் அளவு சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாக வந்தது. பெரிய கஃப் தேவைப்படுகிறவருக்கு 4.8 கூடியது. சின்ன கஃப் தேவைப்படுகிற மெலிந்த கையில் 3.6 குறைந்தது. அதாவது உண்மையில் 122 இருக்கும் ஒரு பருமனான சகோதரருக்கு மெஷின் 141 அல்லது 142 என்று சொல்லும். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட ஒருவரை அனுப்ப அந்த எண் போதும்.

காரணம் எளியது. கஃபுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. அதன் நீளம் கையின் சுற்றளவில் 75 முதல் 100 சதவீதம் வரையும், அகலம் 37 முதல் 50 சதவீதம் வரையும் இருக்க வேண்டும். பை குட்டையாகவோ ஒடுக்கமாகவோ இருந்தால் அழுத்தம் ரத்தக்குழாய்வரை முழுதாகப் போய்ச் சேராது; குழாயை மூட மெஷின் கூடுதலாகக் காற்றை ஏற்றும், ஏற்றியதையே எண்ணாகச் சொல்லும்.

ஆகவே மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு தையல் டேப். தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே, கை தளர்ந்து தொங்கும்போது, டேப்பை இறுக்காமல் சுற்றி சென்டிமீட்டரில் படியுங்கள். பிறகு கஃபின்மேல் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள். ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்ற பெயரை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் லார்ஜ் இன்னொன்றின் மீடியத்தோடு பாதிவரை ஒத்துப்போகும். சென்டிமீட்டர் எண்தான் பேச வேண்டும். 22 முதல் 42 செ.மீ. வரை ஒரே கஃப் என்று விற்கப்படுவது உண்டு. அந்தக் கஃபோடு சேர்த்தே மாடல் சோதிக்கப்பட்டிருந்தால் நடுத்தரக் கைகளுக்கு வசதிதான். அப்போதும் 22-க்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு ஒன்று, 42-க்கு மேலே உள்ளவர்களுக்கு ஒன்று தேவை. மூன்று கஃப் இல்லாமல் மேசையைத் திறக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. ஒரு கம்பெனியின் கஃபை இன்னொரு கம்பெனியின் மெஷினில் மாட்டுவது, பிளக் பொருந்தினாலும், கூடாது. சூத்திரம் அந்தக் கஃபுக்கென்று எழுதப்பட்டது.

பருமனான மேல்கை தோள் பக்கம் அகன்று முழங்கைப் பக்கம் ஒடுங்கி, கூம்புபோல இருக்கும். நேர்ப்பட்டையான கஃபைச் சுற்றினால் கீழ் ஓரத்தில் இடைவெளி விழும், காற்று ஏறும்போது கஃப் நழுவும். வளைவாக வெட்டிய கஃப் இப்படிப்பட்ட கைகளில் ஒழுங்காக உட்காரும்; கிடைத்தால் பெரிய அளவு இரண்டையும் அந்த வடிவிலேயே வாங்குங்கள்.

கட்டும் முறை: கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே. ரத்தக்குழாய்க்கான குறி உள்கையின் துடிப்புக்கு நேராக. இரண்டு விரல் நுழையும் இறுக்கம், அதற்கு மேல் தளர்வும் வேண்டாம், இறுக்கமும் வேண்டாம். வெறும் கையில் கட்டுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவது பலர் செய்வது. சுருட்டிய துணி கயிறுபோல இறுக்கினால் அளவு கெட்டுப்போகும். சட்டையைத் தோளிலிருந்து கழற்றி ஒரு கையை மட்டும் வெளியே எடுக்க மறைவான இடம் வேண்டும். ஒரு மடக்குத் திரை வாங்குங்கள். திரை இல்லாத மேசைக்குப் பெண்கள் வர மாட்டார்கள். வந்தாலும் துணிமேல்தான் கட்டவேண்டி வரும்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்ட பக்கத்திலும், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு வைத்திருக்கும் கையிலும் கஃபைக் கட்டக் கூடாது. கஃபை எடுக்கும் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. அளவை எழுதிக் கொடுக்கும் அட்டையின் முதல் வரியாகவே அதை அச்சடித்துவிடுங்கள்.

ஐந்து நிமிட அமைதி

பாடி, கைதட்டி, எழுந்து நின்று, படியிறங்கி, நாலு பேரோடு பேசி வந்தவரை உட்காரவைத்து உடனே பட்டனை அழுத்தினால் வருவது அவருடைய ரத்த அழுத்தம் அல்ல, அந்தக் கணத்தின் ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காப்பி, டீ, புகை, வேகநடை எதுவும் இருந்திருக்கக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது; நீண்ட ஆராதனைக்குப் பின் இது சாதாரணமாக மறந்துபோகும் விஷயம், அளவையோ கணிசமாக ஏற்றிக் காட்டும்.

உட்காரும் விதம்: முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், கஃபின் நடுப்பகுதி மார்பின் நடுமட்டத்தில். மேசை தாழ்வாக இருந்தால் கையின்கீழே மடித்த துண்டு வையுங்கள். 2024-இல் வந்த ஓர் ஆய்வில் கையை மடியில் வைத்தபோது மேல் அளவு சராசரியாக 3.9 மி.மீ. கூடியது, பக்கத்தில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. இதில் மர்மம் எதுவும் இல்லை. கஃப் இருதயத்துக்குக் கீழே 10 செ.மீ. இறங்கினால் அந்த உயரத்து ரத்தத்தின் எடையே 7 அல்லது 8 மி.மீ. சேர்க்கும். ஆலயத்து பெஞ்சில் உட்காரவைத்து அளப்பது இதனால்தான் சரிப்படாது: கைக்குத் தாங்கல் கிடையாது, முதுகும் சரியாகச் சாயாது.

அளவு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. பேச்சு மேல் அளவை 10 மி.மீ. அளவுக்கு எளிதாக ஏற்றும். இதில் அன்பானவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்: கஃப் இறுகும்போதே “வீட்டில் எல்லாரும் சுகமா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும், அளந்து முடிந்தபின். சத்தமாக ஜெபிப்பதும் இதே கணக்குத்தான். தோளில் கைவைத்து ஜெபிக்க விரும்பினால் கஃபைக் கழற்றிய பிறகு ஜெபியுங்கள். அளப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குச் சத்தமில்லாத ஜெபமே பொருத்தம். “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற சங்கீதம் 46:10-ஐ ஒரு பலகையில் எழுதிக் காத்திருக்கும் நாற்காலிகளுக்கு எதிரே வைத்தால், ஜனங்கள் தானாக மௌனமாவார்கள். மருத்துவம் கேட்கும் அமைதியும் சங்கீதம் கேட்கும் அமைதியும் ஒரே நாற்காலியில் உட்காருகிற இடம் இது. எங்களுக்கு இந்த மேசையில் மிகவும் பிடித்ததும் இந்த ஐந்து நிமிடம்தான்.

நடைமுறைக் கணக்கு: காத்திருக்கும் நாற்காலி மூன்று, அளக்கும் நாற்காலி ஒன்று போடுங்கள். அமைதி நேரம் காத்திருக்கும் நாற்காலியில் முடிந்துவிட்டால், அளக்கும் நாற்காலியில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு மெஷினால் மணிக்குப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் கூட்டம் வந்தால் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். முதல்முறை வருகிறவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாக இருக்கும் கையை அட்டையில் குறித்து, அடுத்தமுறையிலிருந்து அந்தக் கையிலேயே எடுங்கள். இரண்டு கைக்கும் நடுவே 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு அளவு, நடுவில் ஒரு நிமிடம். இரண்டும் 10-க்கு மேல் விலகினால் மூன்றாவதும் எடுங்கள்.

மெஷின் திரையில் துடிப்பு ஒழுங்கற்றது என்ற குறி வந்தால், கை அசைந்ததால்கூட வந்திருக்கலாம். அசையாமல் மீண்டும் எடுத்தும் வந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட துடிப்பில் மெஷினின் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு மாதிரி வரும் என்பதால் மூன்று எடுத்துச் சராசரியை எழுதுங்கள்.

எண் வந்த பிறகு

மேசையில் உட்காருகிறவர் நோயைக் கண்டுபிடிக்கிறவர் அல்ல. அளந்து, எழுதி, வழி காட்டுகிறவர். சர்வதேச உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2020-இல் தந்த எல்லைகளை வைத்துக்கொள்வது எளிது. மேல் அளவு 130-க்குக் கீழே, கீழ் அளவு 85-க்குக் கீழே என்றால் இயல்பு. 130–139 அல்லது 85–89 இயல்பின் மேல்விளிம்பு. 140 அல்லது 90-ஐத் தொட்டால் உயர்வு; ஒரு நாள் அளவால் முடிவுகட்டாமல் மீண்டும் பார்க்க வேண்டும். 160 அல்லது 100-க்கு மேல் என்றால் சில நாட்களுக்குள் டாக்டர். 180 அல்லது 120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மீண்டும் எடுங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல், கடும் தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்கு. அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் பேசியாக வேண்டும். கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே அன்றைக்கே பேச வேண்டும்.

அளவு கூடுதலாக வந்தவரிடம் கேட்க வேண்டிய சின்னக் கேள்வி ஒன்று உண்டு: இந்த வாரம் வலி மாத்திரையோ சளி மாத்திரையோ சாப்பிட்டீர்களா? ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவையும் மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தகவலும் சீட்டில் இருக்கட்டும்.

அடுத்தது மாத்திரையை நிறுத்தும் விஷயம். சாட்சி சொல்லும் உற்சாகத்தில் சிலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகை ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலி, மாரடைப்புவரை போகலாம். குளோனிடினை நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும். மேசையில் இருப்பவர் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷ ஆயுசைத் தேவன் வாக்களித்தார். அதே அத்தியாயத்தில், அதாவது ஏசாயா 38-இல், பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. வாக்குத்தத்தமும் பற்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பவுலோடு கூட இருந்தவர் ‘பிரியமான வைத்தியனாகிய லூக்கா’. சுகமானதாக நம்புகிறவர் அதே டாக்டரிடம் போய் அளந்து பார்த்து, அவர் குறைக்கச் சொன்னபின் குறைத்தால் அந்தச் சாட்சி எந்தக் கேள்விக்கும் நிற்கும்.

உபவாசத்துக்கும் இதே நியாயம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரும் குடிக்காமல் உபவாசித்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழலாம். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுக்கிறவருக்கு ரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். உபவாச நாட்களை அறிவிக்கும் வாரமே, மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு நேரத்தையும் அளவையும் முடிவுசெய்யட்டும் என்று மேடையிலிருந்தே சொல்லும்படி போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. மேசையில் பார்த்த எண் அந்த மேசையை விட்டுப் போகக் கூடாது. ‘இந்தச் சகோதரிக்கு பி.பி. கூடியிருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவது அன்பினால் நடக்கும் தீங்கு. அவரே கேட்டுக்கொண்டால் ஒழிய ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே சொல்லக் கூடாது. அட்டை அவரவர் கையில் இருக்கட்டும்: தேதி, எந்தக் கை, எந்தக் கஃப், இரண்டு அளவு, நாடித்துடிப்பு. சபை பதிவேடு வைப்பதானால் பூட்டிய அலமாரியில், பெயருக்குப் பதில் எண்ணோடு.

இரவல் மெஷின்

மேசையைவிட அதிகப் பலன் தருவது, இரண்டாவது மெஷின் ஒன்றை வாங்கி வாரக்கணக்கில் இரவல் கொடுப்பது. டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஏறும் அழுத்தம் சிலருக்கு. வெளியே இயல்பாக இருந்து வீட்டில் ஏறும் அழுத்தம் வேறு சிலருக்கு. இரண்டையும் பிரித்துக் காட்ட வீட்டு அளவு உதவும். ஏழு நாள், காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு, இரவில் இரண்டு. முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மற்ற 24-க்கும் சராசரி. வீட்டுச் சராசரியில் 135/85-ஐத் தொட்டாலே உயர்வு; 140/90 என்ற எல்லை வெளியே எடுக்கும் அளவுக்கானது. வாங்கிப் போகிறவரின் கையை அளந்து, அவருக்கான கஃபை மட்டும் பையில் வைத்து அனுப்புங்கள். மெஷினின் நினைவகத்தை அழித்துவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் போன வாரத்தவரின் எண்கள் இவருடைய சராசரியில் கலந்துவிடும், அவருடைய ரகசியமும் வெளியேறும். திரும்பி வந்ததும் நினைவகத்தில் உள்ளதையும் அட்டையில் எழுதியதையும் ஒப்பிடுங்கள். ‘சரியாக வந்ததை’ மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும்.

பராமரிப்பில் கெடுவது பெரும்பாலும் கஃப்தான். வெல்க்ரோவில் நூலும் தூசியும் சேர்ந்து பிடிப்பு போகும், காற்று ஏறும்போது படபடவென்று விடும்; பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்தால் சில காலம் ஓடும், அதன்பின் மாற்ற வேண்டும். டியூபை மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தால் பிளக் அருகே விரிசல் விழும், காற்று கசியும், மெஷின் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டுப் பிழைக்குறி காட்டும். தளர்ந்த வளையமாகச் சுற்றி வையுங்கள். ஆளுக்கு ஆள் நடுவே கஃபின் உட்புறத்தைக் கையேடு அனுமதிக்கும் கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம். சார்ஜ் செய்யும் பேட்டரிகள் 1.2 வோல்ட் என்பதால் சில மெஷின்கள் சீக்கிரமே பேட்டரி தீர்ந்ததாகக் காட்டும். மேசையில் அடாப்டர், இரவல் பையில் புதிய ஆல்கலைன். மெஷின் பல வாரம் அலமாரியில் தூங்கப்போகிறது என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள், ஒழுகினால் மெஷினே போய்விடும்.

ஆண்டுக்கு ஒருமுறை, டாக்டர் அறையில் உள்ள நம்பகமான மெஷினோடு ஒரே நபரின் ஒரே கையில், ஓரிரு நிமிட இடைவெளியில் மாறி மாறி எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு கையில் ஒரே நேரத்தில் எடுப்பது ஒப்பீடு ஆகாது. சராசரி வித்தியாசம் 5-க்குள் இருந்தால் தொடரலாம். 6 முதல் 10 வரை என்றால் கஃபை மாற்றிப் பார்த்து மீண்டும் ஒப்பிட வேண்டும். 10-ஐத் தாண்டினால் அந்த மெஷினை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள், ‘பரவாயில்லை, 10 கழித்துக்கொள்ளலாம்’ என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்ட தேதியையும் வித்தியாசத்தையும் ஒரு சீட்டில் எழுதி, மெஷினின் அடிப்புறத்தில், வருகிறவர்கள் கேட்டால் திருப்பிக் காட்டும்படி ஒட்டி வையுங்கள்.